உப்புக் காற்றில் கான்கிரீட்: வாளி, மீன் தராசு, ட்யூப், சாக்கு போதும் – முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரை கடலைப் பார்த்த எந்தத் தெருவிலும் சன்ஷேடு அடியை அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்து, துருக்கம்பி பல்லிளிக்கும் வீடு ஒன்றாவது தட்டுப்படும். சிமெண்ட் மட்டம் என்று பழி போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் நாலுதான்: கலவையில் தண்ணீர் கூடியது, அந்தத் தண்ணீரிலோ மணலிலோ உப்பு இருந்தது, கம்பிக்கு வெளியே மூடி நிற்கும் கான்கிரீட், அதாவது கவர், போதாமல் போனது, போட்ட கான்கிரீட்டைக் காற்றில் காயவிட்டது.

இந்த நாலையும் கட்டுக்குள் வைக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பெயிண்ட் வாளி, மீன் ஏலத்தில் தொங்கும் தராசு, ட்யூப், தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு), வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர், சணல் சாக்கு ஆகியவை சரியாகப் பயன்படுத்தினால் கடைக் கருவியைவிட நன்றாகவே வேலை செய்யும். எல்லா இடத்திலும் அல்ல. எங்கே கைவைத்தியம் தோற்கும் என்பதைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் இலக்கு தெரிய வேண்டும். கடற்காற்று நேராகப் படும் கம்பிக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தர விதி சொல்வது: குறைந்தது எம்30 (வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்), நீர்–சிமெண்ட் விகிதம் (தண்ணீர் எடையைச் சிமெண்ட் எடையால் வகுத்தது) 0.45க்கு மேல் போகக் கூடாது, கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், கவர் 45 மி.மீ. அலைத்தூவல் தெறிக்கும் இடமென்றால் எம்35, 340 கிலோ, கவர் 50 மி.மீ. ஊரில் வழக்கமாகப் போடும் 1:1½:3 கலவை எம்20 கணக்கு. அது இங்கே போதாது. சோதனைக்கூடத்தில் மிக்ஸ் டிசைன் (எதை எவ்வளவு கலப்பது என்ற கணக்குத் தாள்) வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் கனத்தையும் இன்ஜினியரிடம் கேளுங்கள். நாலு அங்குலத் தளத்தில் 45 மி.மீ. கவர் வைத்தால் கம்பி தளத்தின் நடுவுக்குப் போய்விடும், பளு தாங்காது.

தண்ணீர்: நாக்கும் டி.டி.எஸ். பேனாவும்

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு என்பது மேல் எல்லை. கடலோரப் போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டும். ஆய்வகச் சோதனைக்கு முன்பே வடிகட்ட ஒரு வழி உண்டு. உப்புக்கரிப்பு நாக்குக்குத் தெரியத் தொடங்குவது 200–300 மில்லிகிராம் குளோரைடு அளவில். வாயில் வைத்தவுடன் கரித்தால் அந்தத் தண்ணீரைத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு சிக்கல், வருடக்கணக்காக உவர்நீர் குடித்துப் பழகிய நாக்குக்குக் கரிப்பு உறைக்காது. வெளியூர் ஆளைக் கூப்பிட்டுச் சுவைக்கச் சொல்லலாம், தப்பில்லை.

அடுத்தது, ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் கிடக்கும் டி.டி.எஸ். பேனா. அது குளோரைடைத் தனியாகக் காட்டாது, கரைந்த மொத்தத்தையும்தான் காட்டும். கணக்கு எளிது. கரைந்தது முழுவதும் சமையல் உப்பு என்றே வைத்தாலும் 500 மில்லிகிராம் குளோரைடு சேர 820க்கு மேல் டி.டி.எஸ். வேண்டும். பேனாவின் பிழைக்கும் மற்ற உப்புகளுக்கும் இடம் விட்டு, 600க்குக் கீழே காட்டினால் துணிந்து எடுக்கலாம். 600க்கு மேல் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், அல்லது லாரித் தண்ணீர் வாங்குங்கள். லாரி வந்ததும் ஒவ்வொரு லோடுக்கும் பேனாவை முக்கிப் பாருங்கள். நேற்று வந்தது நல்ல தண்ணீர் என்பதால் இன்று வருவதும் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை.

மணலுக்கும் இதே பேனா உதவும். ஒரு டம்ளர் மணலை இரண்டு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுக் குலுக்கி, தெளிந்தபின் முக்குங்கள். இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். ஒரு லோடு மற்ற லோடுகளைவிடப் பல மடங்கு காட்டினால், கடலோர மணல் அதில் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

அளவு: பெட்டியை விட்டுவிட்டுத் தராசைத் தொங்கவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அளவுப் பெட்டியின் குறை மணலின் ஈரம். லேசாக நனைந்த மணல் உப்பிக்கொள்ளும். நாலைந்து சதவீத ஈரத்தில் கன அளவு கால் பங்கு வரை கூடிவிடும். பெட்டி நிறைந்ததுபோல் தெரியும், உள்ளே மணல் குறைவு. அதே மணல் ஒரு சேர்ப்பில் (மிக்சரில் ஒரு தடவை போடும் கலவையில்) வெயிலில் காய்ந்தும் அடுத்த சேர்ப்பில் குவியலின் அடிஈரத்தோடும் வரும். சட்டிக் கணக்கு இதைவிட மோசம், சித்தாளின் கைக்கு ஏற்ப மாறும்.

மீன் கம்பெனிகளில் கூடையை மாட்டி நிறுக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு 50 கிலோ வரை காட்டும். மூன்று சவுக்குக் கம்புகளை முக்காலியாகக் கட்டி அதில் தொங்கவிடுங்கள். 20 லிட்டர் காலி பெயிண்ட் வாளி நாலைந்து வேண்டும். கைப்பிடி உறுதியான வாளியாகப் பாருங்கள்.

மிக்ஸ் டிசைன் தாளில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 95 கிலோ மணல், 155 கிலோ ஜல்லி, 22.5 லிட்டர் தண்ணீர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்கான உதாரணம். உங்கள் தாளில் உள்ள எண்ணையே எடுங்கள்.

1. காலி வாளியைத் தராசில் மாட்டிப் பூஜ்யமாக்குங்கள்.
2. 95 கிலோவை நாலு வாளியாகப் பிரித்தால் வாளிக்கு 23.75 கிலோ. அந்த எடை வரும்வரை மணலைப் போட்டு, மட்டம் தட்டி, உள்பக்கம் கோடு கீறுங்கள். மணல் வாளிக்குச் சிவப்பு, ஜல்லி வாளிக்கு நீலம் என்று வெளியே பெயிண்ட் அடித்துவிட்டால் குழப்பம் வராது.
3. ஜல்லி 155 கிலோவை ஆறு வாளியாக்கினால் வாளிக்கு 25.8 கிலோ.
4. தண்ணீருக்குத் தனி வாளி. ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி, லிட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். மிக்சருக்குள் ஹோஸைத் திறந்துவிடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.
5. ஒவ்வொரு வாளியையும் நிறுக்க வேண்டியதில்லை. காலையில், மதியத்தில், மணல் குவியல் மாறும்போது நிறுத்துக் கோட்டைச் சரிபார்த்தால் போதும். மழை தூறினால் உடனே.

இனி மணலில் ஒளிந்திருக்கும் தண்ணீர். ஈரமானி வாங்க வேண்டாம், வாணலியும் சமையலறைத் தராசும் கேஸ் அடுப்பும் போதும். குவியலின் நடுவிலிருந்து ஈர மணல் ஒரு கிலோ எடுத்து, வாணலியில் கிளறிக்கொண்டே வறுங்கள். மேலே பிடித்த கண்ணாடியில் ஆவி படியாத வரை வறுத்து, ஆறியதும் நிறுங்கள். 952 கிராம் இருந்தால் போனது 48 கிராம். 48ஐ 952ஆல் வகுத்தால் சுமார் 5 சதவீதம். இதில் மணல் தனக்குள் உறிஞ்சி வைத்திருக்கும் பங்கு கலவைக்கு வராது. மிக்ஸ் டிசைன் தாளில் நீர் உறிஞ்சல் 2 சதவீதம் என்றிருந்தால், வெளியே வரும் ஈரம் 3 சதவீதம். 95 கிலோ மணலுக்கு ஏறத்தாழ 2.8 லிட்டர். அதனால் தண்ணீரை 22.5இலிருந்து 19.7 லிட்டராகக் குறைத்து, மணலை 2.8 கிலோ கூட்ட வேண்டும்.

இதைச் செய்யாமல் 22.5 லிட்டரையும் ஊற்றினால் மூட்டைக்கு 25.3 லிட்டர் சேர்ந்துவிடும். 0.45 என்று நினைத்த விகிதம் 0.51 ஆகிறது. மிக்சர் அருகே யாரும் எதையும் தவறாகச் செய்ததாகத் தெரியாது, ஆனால் உப்பு நுழைய வழி திறந்தாயிற்று.

இந்த விகிதத்தில் கலவை கெட்டியாக இருக்கும், 'ஓட மாட்டேங்குது, கொஞ்சம் தண்ணி விடுங்க' என்று கேட்பார்கள். தண்ணீருக்குப் பதில் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) சேர்க்க வேண்டும். மூடியால் ஊற்றாமல் மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழலால் அளந்து, தண்ணீர் வாளியில் கலந்து ஊற்றுங்கள். எவ்வளவு என்பதை டப்பாவில் போட்டிருப்பார்கள். எல்லாம் விழுந்தபின் மிக்சர் இரண்டு நிமிடம் முழுதாகச் சுற்ற வேண்டும்.

சேர்ப்புக்குச் சேர்ப்பு கலவை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க ஸ்லம்ப் கூம்பு (கலவை எவ்வளவு தளர்ந்து இறங்குகிறது என்று அளக்கும் அச்சு) இல்லையென்றால், அடி குறுகிய 10 லிட்டர் வாளியை நிரப்பி, 16 மி.மீ. கம்பியால் குத்தி, தகட்டின்மேல் கவிழ்த்துத் தூக்குங்கள். எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுங்கள். இது ஸ்லம்ப் எண் ஆகாது. முதல் நல்ல சேர்ப்பு இறங்கிய அளவோடு ஒப்பிட மட்டும் பயன்படும். திடீரென்று கூடுதலாக இறங்கினால் யாரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

மட்டம், மூலை, தூக்கு

லேசர் மட்டம் அறைக்குள் அருமையான கருவி. பாம்பன் வெயிலில் வெட்டவெளியில் அதன் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. மூன்றடி ரசமட்டத்தை மாற்றி மாற்றி வைத்து நகர்ந்தால் மீட்டருக்கு ஒரு மி.மீ. பிழை பத்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். ட்யூப் மட்டத்தில் தூரத்தோடு பிழை சேராது.

உள்விட்டம் 8–10 மி.மீ. உள்ள தெளிவான ட்யூப் 15 மீட்டர் வாங்குங்கள். வாளியில் ஒரு முனையை முக்கி, மறு முனையை வாயால் இழுத்து நிரப்புங்கள். சொட்டு நீலம் ஒரு துளி விட்டால் கோடு நன்றாகத் தெரியும். நடுவில் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். முழு ட்யூபையும் கண்ணால் தடவிப் பார்த்து, சுண்டி வெளியேற்றுங்கள். இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். குறிக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். விரலை எடுக்க மறப்பதுதான் அடிக்கடி நடப்பது. ட்யூபில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் வெகுநேரம் கிடந்தால் சூடான பக்கம் சற்று உயர்ந்து காட்டும். கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். மொட்டைமாடி வாட்டத்துக்கும் இதே ட்யூப்தான், பத்தடிக்கு ஒண்ணேகால் அங்குலம் இறக்கம் கொடுத்தால் தண்ணீர் நிற்காது.

நூலுக்குப் பருத்தி வேண்டாம், ஈரக்காற்றில் நீளம் மாறும். மீன்பிடிக்கடைத் தங்கூசி நீரை அவ்வளவாக உறிஞ்சாது, மெல்லியது, இழுத்துக் கட்டினால் விறைப்பாக நிற்கும். வெளிர்நிறம் கண்ணுக்குத் தெரியாமல் காலில் சிக்கும் என்பதால் பச்சையோ சிவப்போ வாங்குங்கள். மூலைக்கு 3-4-5 கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. அதைப் பெரிதாக்கி 9-12-15 அடியில் போடுங்கள், பிழை அந்த அளவுக்குக் குறையும். கடைசியில் இரு மூலைவிட்டமும் சமமா என்று அளந்துவிட்டால் பேச்சே இல்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூக்குக்குண்டு நிற்காமல் ஆடும். குண்டைத் தண்ணீர் வாளிக்குள், அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். நீர் ஆட்டத்தை அமுக்கிவிடும், சற்று நேரத்தில் நூல் நின்றுவிடும். உயரமான பில்லர் பெட்டிக்கு இதைவிட நம்பகமான முறை கிடையாது.

கவர் பிளாக்கும் கம்பியும்

உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, ஜல்லி, மரக்கட்டை இவற்றைக் கம்பிக்கு அடியில் வைப்பது இந்தக் கடற்கரையில் பெருங்குற்றம். செங்கல் உப்புநீரை உறிஞ்சி நேரே கம்பிக்குக் கொண்டுபோகும். ஜல்லி உருண்டு, கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும்.

தளத்தில் வேலை தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே பிளாக்கை வார்த்துவிடுங்கள். தகட்டின்மேல் 45 மி.மீ. உயர மரச்சட்டம் அடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல் என்று கெட்டியாகக் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் இங்கேயும் மூட்டைக்கு 22 லிட்டரைத் தாண்டக் கூடாது. இறுகத் தொடங்கும்போது கரண்டியால் 50 மி.மீ. சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கட்டுக்கம்பியை மேலிருந்து பாதி ஆழம் வரை மட்டும் செருகுங்கள். அடிவரை போனால் அந்தக் கம்பியே துருவுக்குத் திரியாகும். மறுநாள் பிரித்து, ஏழு நாள் நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். கட்டும்போது சுமார் இரண்டரை அடிக்கு ஒன்று.

கம்பியைத் தரையில் போடாதீர்கள், கட்டைமேல் அடுக்கி மூடுங்கள். கட்டி முடித்துச் சில நாள் காற்றில் நின்ற கம்பியில் உப்புப் படிந்திருக்கும். கான்கிரீட் போடும் நாள் காலையில் ஸ்பிரேயரால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, பலகையில் தேங்கியதைத் துடைத்தெடுங்கள். மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் அரிமானச் சோதனைக்களம் வைத்திருப்பது சும்மா இல்லை. இரும்பைத் தின்பதில் இந்தக் காற்றுக்கு ஈடு குறைவு.

சன்ஷேடு அடியில் தண்ணீர் ஊர்ந்து உள்ளே வராமல் இருக்க, 20 மி.மீ. வயரிங் பைப்பை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பலகையில் கவிழ்த்து ஆணி அடியுங்கள். பலகை பிரிக்கும்போது வழவழப்பான பள்ளம் கிடைக்கும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். கயிறு வைத்தால் ஒட்டிக்கொண்டு வராது. பள்ளத்துக்கு மேலேயும் கவர் அளவு முழுசாக இருக்க வேண்டும், கம்பியை அங்கே அந்தப் பத்து மி.மீ. தூக்கிக் கட்டுங்கள்.

போடும் நாள்

விடிகாலையில் தொடங்குங்கள். காற்று வரும் திசையில் தென்னங்கிடுகுத் தட்டியோ தார்ப்பாயோ ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். வெயிலைவிடக் காற்றுதான் இங்கே ஈரத்தை வேகமாக உறிஞ்சும். பூச்சு முடியும் முன்பே மயிரிழை வெடிப்பு விழுவது இதனால்தான்.

பீமிலும் பில்லரிலும் வைப்ரேட்டர் கட்டாயம். கூடவே, வைப்ரேட்டர் ஊசி நுழையாத கம்பி நெருக்கத்தில் முனை மழுக்கிய 16 மி.மீ. கம்பியால் குத்துங்கள், பெட்டியின் வெளிப்பக்கத்தை மரச்சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். தட்டும் ஒலி டொக்கென்று இல்லாமல் கனமாக மாறினால் அந்த இடம் நிறைந்துவிட்டது. தளத்தை மட்டம் இழுக்க அலுமினியப் பெட்டிக் குழாய் போதும். இருபுறமும் சரியான உயரத்தில் ஜி.ஐ. பைப்பைப் படுக்க வைத்து, அதன்மேல் அறுப்பதுபோல் முன்பின் ஆட்டி இழுத்து, பின்னால் வரும்போதே பைப்பை உருவி, பள்ளத்தை நிரப்பிவிடுங்கள்.

மேலே கசிந்த நீர் மறையும்வரை மணியாசுக்கட்டை (மேற்பரப்பைத் தேய்க்கும் மரக்கட்டை) போடாதீர்கள். கட்டைவிரலை அழுத்தினால் ஐந்து மி.மீ. தடம் விழ வேண்டும், அதுவே நேரம். படகு ஏற்றும் சரிவு, மீன் கழுவும் தரை போன்ற இடத்தில் ஈர்க்கு விளக்குமாற்றைச் சரிவுக்குக் குறுக்காக ஒரே வீச்சில் இழுத்தால் வழுக்காது.

மட்டம் தட்டிய கணமே ஸ்பிரேயரை எடுங்கள். ஹோஸ் சிமெண்டைக் கழுவிவிடும், ஸ்பிரேயர் பனிபோல் விழும். முனையை மேல்நோக்கிப் பிடித்து, காற்றின் போக்கில் பரவவிடுங்கள். களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயர் வேண்டாம், புதிது வாங்குவது மலிவு.

க்யூரிங்

க்யூரிங் என்பது போட்ட கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைப்பது. கடையில் விற்கும் க்யூரிங் காம்பவுண்டு இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். சாக்கு புதிதாக நீர் கொடுக்கும். பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்கு 14 நாள் விடாமல் நனைந்திருக்க வேண்டும்.

சணல் சாக்கு எது என்பதில் கவனம். கருவாட்டுச் சாக்கு, உப்புச் சாக்கு கூடவே கூடாது. உரச்சாக்கில் கான்கிரீட்டை அரிக்கும் அம்மோனிய உப்பு இருக்கும். சர்க்கரைச் சாக்கு பச்சைக் கான்கிரீட்டின் மேற்பரப்பை இறுகவிடாது. அரிசிச் சாக்கை இரண்டு தண்ணீரில் அலசி, இரண்டு அடுக்காகப் போடுங்கள். காற்று தூக்காமல் இருக்கப் பழைய மீன்வலையை மேலே விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். வலையையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசியிருக்க வேண்டும்.

மறுநாள் தளத்தில் பாத்தி கட்டலாம். நாலடிச் சதுரமாகச் சிறுசாகக் கட்டுங்கள். பெரிய பாத்தியில் காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளி, எதிர்ப்பக்கத்தைக் காயவிடும். வரப்பு இரண்டு அங்குலம், தண்ணீர் ஒன்றரை. பில்லருக்குச் சாக்கைச் சுற்றி, வெளியே பாலித்தீன் கட்டி, உச்சியில் ஊசித்துளை போட்ட 20 லிட்டர் கேன் வையுங்கள். சொட்டிக்கொண்டே இருக்கும், ஆள் வராத ஞாயிற்றுக்கிழமையும் நனையும். இடையில் காய்ந்து மறுபடி நனைவது உப்பை உள்ளே இழுக்கும். போர் தண்ணீரால் க்யூரிங் செய்தால் முதலில் தண்ணீர் பார்த்த சிரமம் எல்லாம் வீண்.

கைவைத்தியம் தோற்கும் இடங்கள்

படகு இன்ஜினில் வடித்த கழிவு எண்ணெயைப் பலகைக்குப் பூசாதீர்கள். கறை படியும், பின்னால் பூச்சு ஒட்டாது. பலகைக்கென்று விற்கும் எண்ணெயே சரி. சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டி சேர்த்த பெரியவர்கள் சொன்னார்கள் என்று சிமெண்டில் கருப்பட்டித் தண்ணீர் விட வேண்டாம். சிறிதளவு இனிப்பே சிமெண்ட் இறுகுவதைத் தள்ளிப்போடும். அதே குணம் ஒரு நெருக்கடியில் உதவும்: கரண்ட் போய் மிக்சர் நின்று, உள்ளே கலவை இறுகும்போலிருந்தால், இரண்டு கிலோ சர்க்கரையைக் கரைத்து உள்ளே ஊற்றுங்கள். அந்தக் கலவை குப்பைக்குப் போகும், டிரம் பிழைக்கும்.

பழைய வலையை கம்பிக்குப் பதிலாகக் கான்கிரீட்டுக்குள் புதைப்பது, கம்பி கட்ட நைலான் கயிறு, பீமுக்கு வைப்ரேட்டர் இல்லாமல் வெறும் குத்துக்கம்பி, இவற்றில் எதற்கும் சம்மதிக்காதீர்கள். பலகையைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிப்பதற்கும் மாற்று வழி கிடையாது. ஓ.பி.சி. (கலப்பில்லாத சாதாரண) சிமெண்டில் 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் கூட்டி, இன்ஜினியர் பார்த்த பிறகு எடுங்கள்.